கார்னிவல் கண்ணாடி: இரண்டு முறை பிறந்த கதை

மண்ணுக்கடியில் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்த ரோமானியக் கண்ணாடிக் குப்பிகளைத் தோண்டி எடுத்தபோது அவற்றின் மேல் வானவில் நிறங்கள் மினுங்கின. செய்தவர்கள் தீட்டிய வண்ணமல்ல அது. மண்ணின் ஈரம் கண்ணாடியை அரித்து, மேற்பரப்பு மெல்லிய ஏடுகளாகப் பிரிந்து, அதில் பட்ட ஒளி நிறம் நிறமாகத் தெறித்ததன் விளைவு. 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பா அந்த அழகில் சொக்கிப்போனது. காலம் தந்த நிறத்தை உலைக்களத்திலேயே வரவழைக்க பொஹீமியாவிலும் வியன்னாவிலும் கண்ணாடிக் கலைஞர்கள் முயன்று வென்றார்கள். அமெரிக்காவில் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபானி 1894இல் ‘ஃபாவ்ரில்’ என்ற வணிகப் பெயரைப் பதிவுசெய்து, ஊதிச் செய்த மினுங்கும் பூச்சாடிகளை விற்றார். செல்வந்தர்களுக்கு மட்டுமே அவை கட்டுப்படியாயின.

அந்த மினுக்கத்தைச் சாமானியர் வீட்டுக்கும் கொண்டுவந்தவர்கள் ஃபிராங்க், ஜான் என்ற ஃபென்டன் சகோதரர்கள். 1905இல் ஓஹியோ மாநிலத்தின் மார்ட்டின்ஸ் ஃபெரியில், பிறர் செய்த கண்ணாடிப் பாத்திரங்களை வாங்கி வண்ணம் தீட்டி விற்கத் தொடங்கினார்கள். பாத்திரம் தந்துவந்தவர்கள் கையை விரித்ததும், சொந்தமாகவே செய்துவிடுவது என்று முடிவெடுத்து, மேற்கு வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்டவுனில் ஆலை கட்டினார்கள். 1907 தொடக்கத்தில் அங்கே முதல் கண்ணாடி வார்க்கப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே வானவில் பூச்சுக் கண்ணாடியும் வந்துவிட்டது.

அதைச் செய்யும் விதத்தைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். உருகிய கண்ணாடியில் ஓர் உருண்டையை எடுத்து இரும்பு அச்சுக்குள் விடுவார்கள். மேலிருந்து அழுத்தியதும் திராட்சைக் கொத்தோ மயிலோ டிராகனோ அதில் பதிந்துவிடும். வெளியே எடுத்து மீண்டும் சூடேற்றி, இளகிய ஓரத்தைக் கைதேர்ந்த தொழிலாளி கருவியால் விரிப்பார், சுருக்குவார், மேலே இழுப்பார். ஒரே அச்சில் பிறந்தது ஒருவர் கையில் தட்டாகும். இன்னொருவர் கையில் சுருக்கு வைத்த கிண்ணமாகும். அடுத்து, சூடு ஆறுவதற்குள் இரும்பு, வெள்ளீயம் போன்ற உலோக உப்புகளின் கரைசலைத் தெளிப்பார்கள். கண்ணாடியின் மேல் மிக மெல்லிய படலம் படிந்து, மயில் கழுத்துப் பட்டைத் திருப்பிப் பார்ப்பதுபோல் கோணத்துக்கு ஒரு நிறம் காட்டும். கண்ணாடி கொதிக்கும் சூட்டில் இருக்கும்போது தெளித்தால் பட்டு போன்ற மங்கல் மெருகு. சற்றே ஆறிய பின் தெளித்தால் கண்ணைப் பறிக்கும் பளபளப்பு. உருவம் கொடுத்தது அச்சுதான். ஆனால் ஓரத்தையும் மெருகையும் கைதான் தீர்மானித்தது. அதனால்தான் இரண்டு கிண்ணங்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை.

வியாபாரம் சூடுபிடித்ததும் போட்டிக்கு ஆட்கள் வந்தார்கள். இங்கிலாந்திலிருந்து வந்து வீலிங் நகரில் ஆலை நடத்திய ஹாரி நார்த்வுட் 1908இல் தம் சரக்கை இறக்கினார். ஓஹியோவின் பெல்லேரில் இம்பீரியல் ஆலையும் இறங்கியது. ஃபென்டன்களில் ஒருவரான ஜான் பிரிந்துபோய் மில்லர்ஸ்பர்க்கில் தனி ஆலை தொடங்கினார். அங்கே செய்தவற்றின் பளபளப்புக்கு ஈடு இல்லை என்பார்கள். ஆனால் 1911இலேயே ஆலை நொடித்துப்போனது.

எல்லார் வீட்டுக்கும் வந்ததுமே, வசதி படைத்தவர்களுக்கு வானவில் மினுக்கம் அலுத்துவிட்டது. ரசனை மாறியது. 1920களில் அமெரிக்க ஆலைகளில் உற்பத்தி தேய்ந்தது. மிஞ்சிய சரக்கு திருவிழாச் சந்தைகளின் விளையாட்டுக் கடைகளில் பரிசுப் பொருளாகப் போனது என்பார்கள். பல பாட்டிகள் அதைப் பரணில் போட்டார்கள்.

இரண்டாம் பிறப்பு 1950களில். பரணிலிருந்து இறங்கிய கிண்ணங்களைத் தேடி வாங்கத் தொடங்கியவர்கள், அந்தச் சந்தைப் பரிசுகளை நினைத்து ‘கார்னிவல் கண்ணாடி’ என்று பெயர் வைத்தார்கள். கான்சஸ் மாநிலத்தின் மேரியன் ஹார்ட்டங் 1960 முதல் அந்தக் கண்ணாடிகளின் கோலங்களை ஒவ்வொன்றாக வரைந்து, பெயரிட்டு, புத்தகங்களாகவே வெளியிட்டார். ஆலைக் கணக்கேடுகளில் இல்லாத ஒழுங்கு சேகரிப்பாளர்கள் உழைப்பில்தான் உருவானது. எந்த ஆலை, எந்த அச்சு என்ற துப்பை அவர்கள் உடைசல்களை வைத்தும் பழைய மொத்த விற்பனைப் பட்டியல்களை வைத்தும் பிடித்தார்கள். இதைப் பெரிய அறிவுப்பணி என்றே சொல்வேன்.

இந்தியாவுக்கும் இதில் பங்கு உண்டு. வளையலுக்குப் பேர்போன ஃபிரோசாபாத்தின் ஜெயின் கண்ணாடி ஆலை இதே மினுக்கத்தில் டம்ளர்களும், ஒரு கை பூச்சாடியை ஏந்தி நிற்கும் உருவங்களும் செய்தது. சில டம்ளர்களின் அடியில் ‘ஜெயின்’ என்ற ஆங்கில எழுத்துகள் பதிந்திருக்கும். அவற்றைத் தேடி வாங்குபவர்கள் இன்று கடல் தாண்டியும் இருக்கிறார்கள்.

வாங்க நினைப்பவர் முதலில் அடிப்பாகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். பூச்சு மறைக்கும் உண்மை நிறம் அங்கேதான் தெரியும். சிவப்பு அரிது, விலை எகிறும். செண்டுமல்லி நிறத்துச் சின்னக் கிண்ணமோ இன்றும் சாதாரணச் சம்பளக்காரர் கைக்கு எட்டுகிறது. வில்லியம்ஸ்டவுனின் ஃபென்டன் ஆலையில் பழைய முறைக் கண்ணாடி உற்பத்தி 2011இல் நின்றுவிட்டது. அழகு எல்லார் மேசையிலும் இருக்கட்டும் என்று அந்த ஆலை தொடங்கிவைத்த வழக்கம் மட்டும் நிற்கவில்லை.