பாலக்ஸி ஆத்துக் கால்தடம்

போன சனிக்கிழமை அசைன்மென்ட்டை எல்லாம் ஓரமா வச்சிட்டு, ரிச்சர்ட்சன்ல இருந்து நாலு பேரா கிளம்பி க்ளென் ரோஸ் போனோம். தென்மேற்கே ரெண்டு மணி நேரப் பயணம். அங்க பாலக்ஸி ஆத்தங்கரையில 'டைனோசர் வேலி' ஸ்டேட் பார்க் இருக்கு. கரையில நின்னு மீன் பிடிக்க லைசென்ஸ் வேண்டாம். ரூம்மேட் ரெண்டு மணி நேரம் தூண்டில் போட்டான், மாட்டினது பாசி மட்டும்தான் :-) அவனைப் பாத்துட்டு ரெண்டு மான் வேற மிரண்டு ஓடிச்சு.

நான் போனது கால்தடம் பாக்க. ஆத்துல தண்ணி குறைவா இருந்ததால பாறை நல்லாவே தெரிஞ்சுது. ஒரு தடத்துக்குள்ள என் ரெண்டு காலையும் வச்சேன், அப்பவும் இடம் மிச்சம். 11.3 கோடி வருஷத்துக்கு முன்னாடி இது கடலோரச் சேறா இருந்த இடமாம்.

கதை 1908-ல வந்த பெருவெள்ளத்துல ஆரம்பிக்குது. வெள்ளம் ஆத்துப் படுகையை அரிச்சுட்டுப் போக, 1909-ல ஜார்ஜ் ஆடம்ஸ்ங்கிற சின்னப் பையன் மூணு விரல் தடங்களைப் பாத்தான். 1930-கள்ல பஞ்சம். ஊர்க்காரங்க பாறையை வெட்டித் தடங்களை வித்தாங்க. சிலர் புதுசாவே செதுக்கினாங்க, ராட்சத மனுஷக் கால் உட்பட! அப்படி ஒரு 'மனுஷக் கால்' நியூ மெக்ஸிகோ கடை ஒண்ணுல ரோலண்ட் பேர்ட் கண்ணுல பட்டுது. நியூயார்க் இயற்கை வரலாற்று மியூசியத்துக்காக எலும்பு தேடினவர் அவர். போலியா இருக்கும்னு சந்தேகம் இருந்தும், கல்லு எங்க இருந்து வந்துதுன்னு விசாரிச்சு 1938-ல இங்க வந்துட்டார். வந்த இடத்துல நிஜமாவே நீளக் கழுத்து டைனோசரோட தடம்! இவ்வளவு கனத்த மிருகம் தண்ணிக்குள்ளதான் வாழ முடியும்னு பலர் நினைச்ச காலம். அது நாலு கால்ல நடந்ததுக்குப் பாறையே சாட்சி. 1940-ல வெட்டி எடுத்த ஒரு பகுதி நியூயார்க்ல இருக்கு, இன்னொண்ணு ஆஸ்டின்ல. ஆத்தோட மிஞ்சினதுக்காக 1972-ல இந்த பார்க்கைத் திறந்தாங்க.

அதே 1940-லதான் எம்.எஸ்.கிருஷ்ணன் எங்க ஊர்ப்பக்கம் சாத்தனூர் கல்மரத்தை உலகத்துக்குச் சொன்னார். ஸ்கூல் டூர்ல பாத்திருக்கேன். வேலி போட்டதால இன்னமும் அங்கேயே கிடக்கு.

ஆனா எங்க அரியலூர்ல கல்லமேடுன்னு ஒரு இடம் இருக்கு. அங்க கிடைச்ச டைனோசருக்கு 1987-ல யாதகிரியும் அய்யாசாமியும் 'ப்ருஹத்காயோசாரஸ்'னு பேர் வச்சாங்க. பேர்லயே பெரிய உடம்பு. கால் எலும்பு ஒண்ணு மட்டும் 2 மீட்டர்! உலகத்துலேயே பெரிய டைனோசர்கள்ல ஒண்ணா இருக்கலாம்னு இன்னைக்கும் பேசறாங்க. ஆனா காட்ட எலும்பு இல்லை. களிமண் ஊறின எலும்பெல்லாம் நொறுங்கிப் போச்சு. மிஞ்சினது அளவுகளும் சில படங்களும்தான்.

இங்க வித்துத் தின்னவங்க கையிலயும் கொஞ்சம் தப்பிச்சுது. அங்க யாரும் விக்கக்கூட இல்லை, ஆனா ஒண்ணுமே மிஞ்சலை. சின்ன வயசுல வயல்ல கிடைச்ச சுருள் சுருளான கல்லைக் குளத்துல வீசி விளையாடினவன் நான். அது கடல் உயிரோட ஓடுன்னு இங்க வந்துதான் படிச்சேன்.

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போனா முதல்ல கல்லமேடு போகணும். உங்கள்ல யாராவது போயிருந்தா வழி சொல்லுங்க மக்களே.