வெப்பமூட்டும் கருவியும் அதைத் தேர்வு செய்ய உதவும் வரைபடமும்: பிரிட்டனின் குறைந்த வாடகை வீடுகள்

பிரிட்டனில் நகர மன்றங்களும் வீட்டுவசதிச் சங்கங்களும் குறைந்த வாடகைக்கு விடும் வீடுகளில், வெப்பமூட்டும் கருவியை வாங்கிப் பொருத்துவது உரிமையாளர். மாதாமாதம் அதற்குக் கட்டணம் கட்டுவது குடியிருப்பவர். தேர்வு ஒருவர் கையில், சுமை இன்னொருவர் தலையில். முடிவெடுக்கும் குழுவின் முன் வைக்கப்படும் தாளில் கருவியின் விலையும் ஆண்டுச் சராசரி ஆற்றலும் மட்டுமே இருந்தால், குடியிருப்பவரின் செலவு விவாதத்துக்கே வராது. ஆகவே எந்தக் கருவி என்று கேட்கும் முன், எந்த அளவை எப்படி வரைந்து பார்ப்பது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

70 சதுர மீட்டர் பரப்புள்ள பழைய வீடு ஒன்று, சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 150 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் கேட்பதாகக் கொள்வோம். மொத்தத் தேவை 10,500 யூனிட். நேரடி மின்சூடேற்றி அவ்வளவு மின்சாரத்தையும் எடுத்துக்கொள்ளும். 85 சதவீதத் திறனுள்ள எரிவாயுக் கொதிகலனுக்குச் சுமார் 12,350 யூனிட் எரிவாயு வேண்டும். வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே ஏற்றும் வெப்ப எக்கி, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் தருமானால் 3,500 யூனிட்டில் வேலையை முடித்துவிடும். ஆற்றலைப் பட்டைகளாக வரைந்தால் வெப்ப எக்கியே வெல்கிறது, ஐயமே எழாது. ஆனால் பிரிட்டனில் அண்மை ஆண்டுகளில் ஒரு யூனிட் மின்சாரத்தின் விலை ஒரு யூனிட் எரிவாயுவின் விலையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. கட்டணமாக வரைந்தால், 3,500 யூனிட் மின்சாரம் 14,000 யூனிட் எரிவாயுவின் விலைக்கு வந்து நிற்கிறது, கொதிகலன் முந்திக்கொள்கிறது. எக்கியின் ஆண்டுச் சராசரித் திறன் 3.4-ஐத் தாண்டினால்தான் இரண்டும் சமமாகும். எரிவாயு இணைப்பையே துண்டித்து அதன் நிலைக்கட்டணத்தை மிச்சப்படுத்தினால் இந்த எல்லை சற்றுத் தாழும். ஒரே கணக்கிலிருந்து பிறந்த இரண்டு படங்களும் உண்மையே. ஆனால் அவை எதிரெதிர் முடிவுக்கு இழுக்கின்றன.

வீட்டின் வெப்பக் காப்பு மாறினால் இந்தப் போட்டியே வேறாகிவிடுகிறது. 1991-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் எழுந்த முதல் பாசிவ்ஹவுஸ் வீடுகளின் வழியில் உருவான தரம், வெப்பத் தேவையைச் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 யூனிட்டுக்குள் அடக்குகிறது. இது பணக்காரர்களின் ஆடம்பரம் என்ற வாதத்துக்கு நாரிச் நகர மன்றத்தின் கோல்ட்ஸ்மித் தெருக் குடியிருப்பு நேரடி மறுப்பு: இந்தத் தரத்தில் கட்டப்பட்ட சுமார் 100 வாடகை வீடுகள், 2019-இல் ஸ்டிர்லிங் கட்டடக்கலைப் பரிசைப் பெற்றன. இத்தரத்தில் 70 சதுர மீட்டர் வீட்டுக்கு ஆண்டுக்கு 1,050 யூனிட் வெப்பம் போதும். ஒரு யூனிட் மின்சாரம் 25 பென்ஸ் என்று கொண்டால், நேரடி மின்சூடேற்றிக்குப் பதில் எக்கி வைப்பது பழைய வீட்டில் ஆண்டுக்கு 1,750 பவுண்டு மிச்சப்படுத்துகிறது. இங்கே 175 பவுண்டுதான். கடுங்குளிரில்கூட இவ்வீட்டின் வெப்பத் தேவை சுமார் 700 வாட். ஓர் இஸ்திரிப்பெட்டிக்கு அது போதாது. சில நூறு பவுண்டு மின்சூடேற்றியே இங்கு நியாயமான தேர்வாகலாம். ஆனால் அவசரப்பட வேண்டாம்: சுடுநீர்த் தேவை சுவரைப் பொறுத்ததன்று, ஆட்களைப் பொறுத்தது. காப்பு மேம்பட்ட வீட்டில் அதுவே பெரும்பங்காகிவிடும். அறைகளைச் சூடாக்கும் செலவை மட்டும் காட்டும் படம் இதை மறைக்கும்.

கணக்குத்தாளை மட்டும் நம்பலாகாது. மின்னா சுனிக்கா-பிளாங்க், ரே கால்வின் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஜெர்மன் வீடுகளின் உண்மையான நுகர்வு கணக்கிடப்பட்டதைவிடச் சராசரியாக 30 சதவீதம் குறைவு என்று கண்டனர். காப்பு மோசமான வீடுகளில் இடைவெளி இன்னும் அதிகம். கட்டணத்துக்கு அஞ்சிக் குளிரைப் பொறுத்துக்கொள்வது இதன் ஒரு காரணம். கணக்கில் காட்டப்படும் சேமிப்பில் ஒரு பங்கு ஏற்கெனவே சேமிக்கப்பட்டுவிட்டது என்பதுதான் இதன் பொருள். அது குடியிருப்பவரின் உடம்பால் சேமிக்கப்பட்டது.

இப்படிக் குளிரைப் பொறுத்துக்கொள்ளும் வீட்டைக் கண்டுபிடிக்க எளிய வரைபடம் ஒன்று உண்டு. கிடை அச்சில் நாளின் சராசரி வெளிவெப்பநிலை, நிலை அச்சில் அன்றைய நுகர்வு; நாளுக்கொரு புள்ளி. குளிர் கூடக்கூடப் புள்ளிகள் ஒரு கோட்டில் ஏறும். அந்தச் சரிவு வீட்டின் வெப்ப இழப்பைக் காட்டும். கோடையில் அவை கிடையாகப் படியும். அங்கே தெரிவது சுடுநீரும் சமையலும். மிகக் குளிர்ந்த நாள்களில் புள்ளிகள் மேலே ஏறாமல் தட்டையாகிவிட்டால் இரண்டில் ஒன்று: கருவியின் திறன் போதவில்லை, அல்லது குடும்பம் அணைத்து வைத்திருக்கிறது. ஆண்டுக் கூட்டுத்தொகையில் இத்தகைய வீடு சிக்கன வீடாகவே தோன்றும்.

குழுவின் முன் வைக்கும் படத்திலும் கூட்டுத்தொகையும் சராசரியும் இப்படி மறைத்துவிடக் கூடாது; படத்தின் வடிவமும் முக்கியம். வரைபடங்களைக் கண் எப்படிப் படிக்கிறது என்று ஆராய்ந்த வில்லியம் கிளீவ்லாண்டும் ராபர்ட் மெக்கிலும் 1984-இல் காட்டியபடி, பொது அளவுகோலில் இடத்தை ஒப்பிடுவதில் கண் தேர்ந்தது. கோணத்தையும் பரப்பையும் ஒப்பிடுவதில் தடுமாறுகிறது. ஆகவே வட்ட விளக்கப்படம் இங்கு உதவாது. கிடை அச்சில் உரிமையாளரின் முதலீடு, நிலை அச்சில் குடியிருப்பவரின் ஆண்டுக் கட்டணம்; ஒவ்வொரு தேர்வுக்கும் சராசரிக்குப் பதில் வீட்டுக்கொரு புள்ளியாக நிற்கும் நெடுவரிசை என்பதே தகுந்த வடிவம். மின்சார-எரிவாயு விலை விகிதத்தை மூன்றாகவும் நான்காகவும் வைத்து இரண்டு முறை வரைய வேண்டும். இடம் மாறாத தேர்வை நம்பலாம். நெடுவரிசையின் உச்சியில் தனித்து நிற்கும் சில புள்ளிகள் மூலைவீடுகளையோ, பகல் முழுதும் வீட்டிலிருக்கும் முதியோரையோ குறிக்கக்கூடும். அவர்களுக்கெனத் தனித் தீர்வு வேண்டுமா என்ற கேள்வி, சராசரிப் பட்டையை வைத்து எழவே எழாது.