திருமலையும் மிட்வேயும்: ஒரு குருவிக்கூட்டின் தீந்தை

திருகோணமலை உட்துறைமுக வீதிக்கு அண்மையிலுள்ள மைத்துனர் வீட்டில் சில நாட்கள் தங்கியிருந்தேன். அடைக்கலக்குருவிக்கென விறாந்தையில் தொங்கவிட ஒரு பலகைப் பெட்டி செய்து வைத்திருந்தார். அதற்குப் பூசக் கொட்டிலிலிருந்து பழைய தீந்தைப் பேணியொன்றை எடுத்து வந்தார். கப்பல் இரும்புக்குப் பூசும் செந்நிறத் தீந்தை அது.

"கப்பலுக்கே தாங்கிறது குருவிக்கூட்டுக்குத் தாங்காதோ அத்தான்?" என்றார்.

பேணியைத் திறக்கவேண்டாம் எனத் தடுத்தேன். அதற்கான காரணத்தில் ஒரு வரலாறு உண்டு.

1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை, யப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த விமானங்கள் திருமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. அக்கப்பல்களுள் அகாகி, சோர்யு, ஹிர்யு ஆகிய மூன்றும் இரண்டு மாதங்கள் நிறைவுறுமுன் பசிபிக் சமுத்திரத்தின் மிட்வே தீவருகே அமெரிக்கரால் அழிக்கப்பட்டன. நமது பாடநூல்களில் மிட்வேயின் கதை அத்துடன் முடிந்துவிடும். பறவைகளுக்கோ முடியவில்லை.

மிட்வேயும் திருமலையைப் போல ஒரு கடற்படைத் தளம். அதன் கட்டடங்களுக்கு அக்கால வழக்கப்படி ஈயம் கலந்த தீந்தை பூசப்பட்டிருந்தது. ஈயம் கலந்தால் தீந்தை விரைவில் காயும், உப்புக்காற்றைத் தாங்கும். ஈயச் செந்தூரம் இரும்பைத் துருவிலிருந்து காக்கும். காலப்போக்கில் அப்பூச்சு செதில்செதிலாக உதிர்ந்தது. அங்கு கூடுகட்டும் லேசான் அல்பட்ரோஸ் பறவையின் குஞ்சுகள் அச்செதில்களைக் கொத்தி விழுங்கின. நரம்புகள் நஞ்சேறி, சிறகுகள் தொங்கி, ஒருநாளேனும் பறக்காமலே மடிந்தன. ஆண்டொன்றுக்கு 10,000 குஞ்சுகள் வரை இவ்வாறு இறந்திருக்கலாம் என மதிப்பிடப்பட்டது. 1993இல் தளம் மூடப்பட்ட பின்னரும் சாவு தொடர்ந்தது.

இது அறியாமல் நேர்ந்த பிழையன்று. விறாந்தைக் கிராதிகளின் தீந்தையே குழந்தைகளுக்கு ஈயநஞ்சூட்டுகிறது என்பதை அவுஸ்திரேலியாவின் பிறிஸ்பேன் நகர வைத்தியர் லொக்ஹார்ட் கிப்சன் 1904இலேயே எழுதிவிட்டார். கட்டட உட்பூச்சில் வெள்ளீயத் தீந்தையைத் தடுக்கும் சர்வதேச உடன்படிக்கை 1921இல் உருவாயிற்று. இலங்கையிலோ தீந்தையின் ஈய அளவுக்குக் கட்டாய வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013 ஜனவரி 1ஆம் திகதிதான்: சுவர்களுக்கான எமல்ஷனில் பத்து இலட்சத்தில் 90 பங்கு, எனாமலில் 600 பங்கு. அதற்கு முந்திய பேணிகளும் பழைய கதவு யன்னல்களும் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன.

மைத்துனர் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர், தவழ்ந்து திரியும் பேரனைப் பார்த்தார். பேணியைக் கைக்கெட்டாத உயரத்தில் வைத்தார். பழைய கதவைக் காய்ந்தபடியே அரத்தாள் போட்டுத் தேய்க்கும் எண்ணத்தையும் கைவிட்டார். அந்தத் தூசும் நஞ்சே.

பெட்டியின் உட்புறத்தையும் துவாரத்தின் விளிம்பையும் வெறும் பலகையாகவே விட்டோம். குருவி கொத்துவதும் குஞ்சு உரசுவதும் அங்கேதான். வெளிப்புறத்துக்கு மட்டும் நீரில் கரையும், ஈயம் சேராத வெளிர்நிறப் பூச்சு. கடும் நிறம் திருமலை வெயிலில் குஞ்சுகளை வேகவைத்துவிடும். மணம் முற்றாக நீங்கும்வரை இரண்டு வாரங்கள் காயவிட்ட பின்னரே தொங்கவிட்டோம்.

நம் நாட்டவர் குருவிக்கென இறப்பில் தொங்கவிட்ட மண்முட்டிக்குப் பூச்சே இருந்ததில்லை. குருவிகள் அதில் தலைமுறை தலைமுறையாகக் குஞ்சு பொரித்தன.