யாரைக் கேட்டார்கள்?

2017ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள், திருப்பூர் மாவட்டத்துச் சாமளாபுரத்திலே பெண்கள் தெருவுக்கு வந்தனர். வாரமெல்லாம் விசைத்தறியிலும் பனியன் கம்பெனியிலும் உழைத்துச் சனிக்கிழமை கூலி வாங்கும் குடும்பங்கள் நிறைந்த வட்டாரம் அது. எங்கள் ஊரில் மதுக்கடை வேண்டாம் என்பதே அவர்தம் முழக்கம். சாலையில் அமர்ந்தனர். காவலர் வந்தனர். தடி சுழன்றது. காவல்துறை உயர் அலுவலர் ஒருவர், ஒரு பெண்ணின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அக்காட்சியைப் படக்கருவி பிடித்துக்கொண்டது; நாடே பார்த்தது; நாலு நாள் பேசிற்று; பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டது.

அறைந்த கையைப் பற்றிப் பேசியவர் பலர். அந்தத் தாய்மார்கள் ஏன் தெருவுக்கு வர நேர்ந்தது என்று கேட்டவர் மிகச் சிலரே. அந்தக் கேள்வியைத்தான், தோழர்களே, இங்கே சற்று நின்று கேட்க விரும்புகிறேன்.

2016 டிசம்பர் 15இல் உச்சநீதிமன்றம், தேசிய, மாநில நெடுஞ்சாலைகளை ஒட்டியுள்ள மதுக்கடைகளை அகற்ற வேண்டுமென்று தீர்ப்பளித்தது. தமிழகத்தில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. நெடுஞ்சாலையை விட்டுக் கிளம்பிய கடை, ஊருக்குள் இடம் தேடிற்று. ஊரார் யாரிடம் முறையிடுவது? சாமளாபுரம் ஒரு பேரூராட்சி. கிராமசபை கூடித் தீர்மானம் போட அங்கே வழியில்லை. பேரூராட்சி மன்றத்தில் பேசலாமென்றால், மன்றமே இல்லை! 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நின்றுபோயிற்று. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் இருக்கவேண்டிய இடத்தில் தனி அலுவலர்கள் இருந்தனர். கடை வருவதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கப்படும் இடம் எதுவுமே அவ்வூராருக்கு இல்லாதபோது, எஞ்சியிருந்தது சாலை ஒன்றுதான்.

அதே ஆண்டுகளில் அமெரிக்க நாட்டில் நடந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே பேச்சு கஞ்சாவைப் பற்றியது. கஞ்சாவைச் சட்டம் அனுமதிக்கலாமா என்ற வினாவைப் பல மாநிலங்களில் வாக்குச்சீட்டிலேயே அச்சிட்டு, ஆம் என்போர் எத்தனை பேர், இல்லை என்போர் எத்தனை பேர் என்று எண்ணினர். கலிஃபோர்னியா மாநிலத்தில் 1972இலேயே கேட்டனர்; மக்கள் மறுத்தனர். 1996இல் மருந்தாக மட்டும் அனுமதிக்கலாமா என்றனர், மக்கள் இசைந்தனர். 2010இல் மறுபடி முழு அனுமதி கேட்டனர், மறுபடி மறுப்பு. 2016இல்தான் இசைவு. கொலராடோவும் வாஷிங்டன் மாநிலமும் 2012இல் முந்திக்கொண்டன. ஆம் என்று ஒருமுறை, இல்லை என்று ஒருமுறை, நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஒரே கேள்வியை எதிர்கொண்டு தங்கள் கருத்தைத் தாங்களே மாற்றிக்கொண்டனர் அம்மக்கள்.

கஞ்சா நல்லது என்று வாதாட இதை எழுதவில்லை. புகையிலே நமக்கு வேலையில்லை, முறையிலே இருக்கிறது. நம் நாட்டில் போதையைப் பற்றி நூறாண்டுக்கு மேலாகச் சட்டங்கள் வந்தன, போயின, மறுபடி வந்தன. ஒருமுறையேனும் மக்களைக் கேட்டார்களா?

கஞ்சாவிலிருந்தே தொடங்குவோம். 1893இல் வெள்ளையர் அரசு, மக்கிவொர்த் யங் என்பாரின் தலைமையில் ஏழு பேர் கொண்ட ஆணையம் ஒன்றை அமைத்தது. இந்தியரின் கஞ்சாப் பழக்கம் குறித்து இலண்டன் பாராளுமன்றத்தில் எழுந்த கேள்வியே அதற்குக் காரணம். ஆணையம் நாடெங்கும் சுற்றி 1,193 சாட்சிகளை விசாரித்து, 1894இல் ஏழு தொகுதிகளாக அறிக்கை தந்தது. உழைப்புக்குக் குறைவில்லை. பைத்தியக்கார மருத்துவமனைப் பதிவேடுகளைக்கூடப் புரட்டிப் பார்த்து, கஞ்சாவால் பித்துப் பிடித்ததாக எழுதியிருந்தவற்றுள் பல ஆதாரமற்றவை என்று கண்டனர். தடை வேண்டாம், வரியும் உரிமமும் போதும் என்று முடித்தனர். உறுப்பினருள் இந்தியர் மூவர். அவர்களில் இருவர் உடன்படாமல் தனிக் குறிப்பு எழுதினர். ஆனால் சாட்சி சொன்னோர் யார்? பெரும்பாலோர் அரசு அலுவலரும் மருத்துவருமே. சிவ வழிபாட்டில் பங்கும் கஞ்சாவும் பெற்றிருந்த இடமும் ஆணையத்தின் கணக்கில் சேர்ந்தது. கடவுளின் விருப்பத்தை விசாரிக்க நேரமிருந்தது. கூலியின் மனைவி என்ன நினைக்கிறாள் என்று கேட்க நேரமில்லை!

திருப்பூருக்குப் பக்கத்து ஊர் ஈரோடு. 1921இல் கள்ளுக்கடை மறியல் அங்கே கொழுந்துவிட்டது. பெரியார் தம் தோப்பில் ஐந்நூறு தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். நாகம்மையாரும் கண்ணம்மையாரும் கடைமுன் மறியலுக்கு நின்றனர். அதே 1921இல்தான் சென்னைச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை தரத் தீர்மானித்தது, அதுவும் சொத்துத் தகுதி உள்ளோர்க்கு மட்டும். மறியலுக்கு வந்த ஏழைப் பெண்ணுக்குச் சிறை கிடைக்கலாம், சீட்டு கிடைக்காது.

1937 அக்டோபரில் இராசகோபாலாச்சாரியார் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். நல்ல நோக்கமென்றே கொள்வோம். இழந்த ஆப்காரி வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. குடிக்கும் கூலியும், கள்ளிறக்கும் தொழிலாளியும், வரி சுமக்கும் சில்லறை வாடிக்கையாளரும் அந்நாளில் பெரும்பாலும் வாக்கற்றவர்கள். சொத்தும் வரியும் படிப்பும் அன்றைய வாக்காளரை அளந்த கோல்கள். தம் மரங்களை வெட்டிய பெரியாரே பின்னாளில் சட்டத்தால் மதுவிலக்கைத் திணிப்பதை எதிர்த்தார் என்பதை நம் இளைஞர்கள் நினைவிற் கொள்வது நல்லது. தம் மரத்தைத் தாமே வெட்டுவது வேறு, ஊரான் கையில் விலங்கு மாட்டுவது வேறு.

பிறகு நடந்தது ஒரு கதவின் கதை. 1948இல் மாகாணம் முழுவதும் மூடிற்று. 1971இல் திறந்தது. 1974இல் மூடிற்று. 1981இல் திறந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003 நவம்பரில் சில்லறைக் கடையையும் அரசே எடுத்துக்கொண்டது. இக்கதவுக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும் நம் கட்சியினரும் நின்றனர், பிறரும் நின்றனர். எந்தக் கட்சியை ஆள வைப்பது என்றுதான் மக்கள் கேட்கப்பட்டனரே தவிர, உங்கள் தெருவில் கடை வேண்டுமா என்று எவரும் கேட்கவில்லை.

கஞ்சாவுக்கும் அதே கதி. 1985 ஆகஸ்டில் போதைப்பொருள் மசோதா பாராளுமன்றத்துக்கு வந்தது. செப்டம்பர் 16இல் குடியரசுத்தலைவர் ஒப்புதல். நவம்பர் 14இல் நடைமுறை. அதிலும் ஒரு வேடிக்கை. பூவும் மொட்டும் கஞ்சா. தனியே இருக்கும் இலை கஞ்சா அல்ல! அந்த இலையை அரைத்த பங்கு, வடநாட்டுச் சில மாநிலங்களில் அரசு உரிமம் பெற்ற கடையிலேயே விற்கப்படுகிறது, திருவிழாவின் பெயரால். ஒரே செடியில் பூவைத் தொட்டவனுக்குச் சிறை, இலையைத் தொட்டவனுக்குப் பிரசாதம்!

மதுக்கடைக்கான நம் மாநில விதியைப் படித்துப் பாருங்கள். வழிபாட்டிடத்திலிருந்தும் கல்விக்கூடத்திலிருந்தும் மாநகர், நகரப் பகுதியில் 50 மீட்டர், பிற இடங்களில் 100 மீட்டர் தள்ளிக் கடை இருக்கவேண்டும். கல்லாலான சாமிக்கு நாடா பிடித்து அளக்கிறார்கள். செக்கிங் மேசையில் நாளெல்லாம் நின்றுவிட்டு இருட்டிய பின் வீடு திரும்பும் பெண் அந்தக் கடையைத் தாண்டிப் போகவேண்டுமே, அவளுக்கு எத்தனை மீட்டர்?

மராட்டிய மாநிலத்தில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 2008ஆம் ஆண்டின் ஆணைப்படி, ஊரில் வாக்காளரில் அல்லது பெண் வாக்காளரில் நான்கில் ஒரு பங்கினர் கையொப்பமிட்டுக் கேட்டால், கடை பற்றி இரகசிய வாக்கெடுப்பு நடத்தவேண்டும். எழுத்தறியாதவரும் வாக்களிக்கச் சின்னம் உண்டு. நிற்கும் புட்டி என்றால் கடை இருக்கட்டும். படுத்த புட்டி என்றால் மூடு. பாதிக்கு மேற்பட்டோர் புட்டியைப் படுக்க வைத்தால் கடை மூடவேண்டும். இதிலும் ஒரு முட்டுக்கட்டை: வந்து வாக்களித்தோரில் பாதி போதாது, பட்டியலில் உள்ளோரில் பாதி வேண்டும். வெளியூர் வேலைக்குப் போனவளும், இறந்தும் பட்டியலில் நீங்காதவளும் கடைக்காரனுக்கு வாக்களித்ததாகவே ஆகிறது. இருந்தும் பல ஊர்களில் பெண்கள் புட்டியைச் சாய்த்துக் காட்டினர்.

வாக்குச்சீட்டை நான் தெய்வமாக்கவில்லை. தெய்வங்களே நமக்குப் போதும் போதுமென்றாகிவிட்டன. 2024 நவம்பரில் ஃபுளோரிடா மாநிலத்துக் கஞ்சா வாக்கெடுப்பில் நூற்றுக்கு 56 பேர் அளவில் ஆம் என்றும், சட்டம் கேட்ட 60 கிட்டாததால் தோற்றது. அதற்குக் கஞ்சா நிறுவனம் ஒன்று கொட்டிய தொகை பத்துக் கோடி டாலருக்கு மேல். நம் ஊரில் வாக்கெடுப்பு வந்தால் புட்டிக்காரன் பணப்பையை அவிழ்க்கமாட்டானா? அவிழ்ப்பான். சட்டமன்றத் தேர்தலில் மட்டும் அது முடிச்சுப் போட்டா இருக்கிறது? அதற்காகத் தேர்தலே வேண்டாமென்று நாம் சொல்லவில்லையே!

நம் சட்டத்தில் மதுக்கடைக்கும் வாக்குச்சீட்டுக்கும் தொடர்பே இல்லையென்று எண்ணிவிடாதீர்கள். ஒன்று உண்டு. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் மது விற்கக்கூடாது. சாமளாபுரம் உட்படத் தமிழகத்துப் பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19இல் வாக்குப்பதிவு நடந்தது. பெண்கள் வரிசையில் நின்று வாக்களித்தனர். கடைகள் அதற்காக மூடிக் கிடந்தன. தேர்தல் முடிந்ததும் திறந்துகொண்டன.