படிமுறையும் முழு ஆட்டமும்: சிறுவர் கால்பந்துப் பயிற்சி குறித்து ஒரு விசாரணை

எந்தக் கலையையும் சிறுவர்க்குப் போதிக்கும்போது எளியதில் தொடங்கி அரியதற்குக் கிரமமாகச் செல்லவேண்டும் என்பதில் எவருக்கும் அபிப்பிராய பேதமில்லை. ஆனால் எது எளியது, எதை எதற்கு முன்னால் வைப்பது என்று கேட்கப் புகுந்தவுடனே, அனுபவம் முதிர்ந்த பயிற்சியாளர்களே இரு கட்சிகளாகப் பிரிந்துவிடுகிறார்கள். கால்பந்தாட்டத்தைப் பொறுத்தவரை இந்த விவாதம் மிகத் தெளிவாக உருப்பெற்ற இடம் ஹாலந்து தேசம். அங்கே எழுந்த இரண்டு முறைகளையும் பரிசீலித்து, பயிற்சியில் ‘படி’ என்று எதைச் சொல்வது நியாயம் என்பதை நிர்ணயிக்க முயல்கிறேன்.

முதற் கட்சிக்கு மூலபுருஷர் வீல் கூர்வர். 1924-இல் கெர்க்ராடே நகரில் பிறந்த இவர், 1974-இல் ஃபெயெனூர்ட் அணியின் பயிற்சியாளராக இருந்து, இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் அணியை வீழ்த்தி ஐரோப்பியக் கோப்பைகளுள் ஒன்றான யூஈஎஃப்ஏ கோப்பையை வென்றவர். பந்தாடும் சாமர்த்தியம் பிறவியிலேயே வாய்ப்பது என்ற பொது நம்பிக்கையை இவர் ஏற்கவில்லை. மகா நிபுணர்களின் ஆட்டத்தைப் படச்சுருள்களில் திரும்பத் திரும்பப் பார்த்து, அவர்கள் உடலை வளைத்து ஏமாற்றுவது, உள்ளங்காலால் பந்தை இழுப்பது, வெளிப்பாதத்தால் தட்டித் திரும்புவது ஆகிய அசைவுகளைத் தனித்தனியே பிரித்தெடுத்து, அவற்றைச் சாதாரணச் சிறுவனும் அப்பியாசத்தால் அடையலாம் என்று சாதித்தார். அவர் வழிவந்தோர் இதனை ஒரு கோபுரமாக அமைத்தனர்: அடித்தளத்தில் பந்தின்மேல் ஆளுகை, அதன்மேல் பந்தை ஏற்பதும் கொடுப்பதும், பின்னர் ஒருவனை ஒருவன் எதிர்த்தல், வேகம், கோல் அடித்தல், உச்சியில் கூட்டுத் தாக்குதல்.

கூர்வரைக் குறைகூறுவோர் அவர் காலத்தின் நிலைமையை மறந்துவிடுகிறார்கள். யோகான் க்ரைஃப் ஆம்ஸ்டர்டாமின் பெட்டோன்டார்ப் பகுதித் தெருக்களில் ஆடி வளர்ந்தவர். கல்தரையும், நடைபாதை விளிம்பும், தன்னைவிடப் பெரிய பையன்களுமே அவருக்கு முதல் உபாத்தியாயர்கள். தெருக்கள் மோட்டார் வண்டிகளுக்கு உரியவையாகிவிட்ட பிறகு, காலணாச் செலவில்லாமல் நாள் முழுவதும் கிடைத்துவந்த அந்தச் சிட்சையை வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரத்தில் ஈடுசெய்ய ஒரு முறை அவசியமாயிற்று. அந்த அவசியத்துக்கு முதலில் விடை தேடியவர்களுள் கூர்வரும் ஒருவர்.

இரண்டாம் கட்சி ஸைஸ்ட் நகரிலுள்ள ஹாலந்துக் கால்பந்துச் சங்கத்தைச் சார்ந்தது. 1988-இல் ஹாலந்து அணிக்கு ஐரோப்பியப் பட்டத்தை ஈட்டித்தந்த ரீனஸ் மிஹெல்ஸ் இக்கொள்கைக்குப் பெரும் துணையாக நின்றார். தெரு தந்தது தனி அசைவுகளையன்று, ஆட்டத்தையே; ஆகையால் ஆட்டத்தைத் துண்டாடாமல் அதைச் சிறிதாக்குங்கள் என்பது இவர்களுடைய வாதம். நால்வருக்கு நால்வர் என்ற அமைப்பை இவர்கள் தேர்ந்ததற்குத் தக்க காரணம் உண்டு. முன்னும் பின்னும் இடமும் வலமும் துணை நிற்கும் வடிவம் உருவாக நால்வராவது வேண்டும். அதற்குக் குறைந்தால் ஆட்டத்தின் இலட்சணம் சிதைகிறது, மிகுந்தால் சிறுவனுக்குப் பந்து கிட்டும் தடவைகள் குறைகின்றன.

இங்கே நம்மவர் ஓர் ஆட்சேபம் எழுப்பக்கூடும். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று ஏறித்தானே சங்கீதம் கைவருகிறது? ஸ்வரத்தைத் தனியே சாதகம் செய்யாதவன் கிருதி பாடுவானா? இந்த உவமை கவர்ச்சியானதுதான். எனினும் ஒரு முக்கியமான இடத்தில் பொருந்தாமற் போகிறது. பாடகனுடைய ஸ்வரத்தை எதிரே நிற்பவன் எவனும் பறித்துக்கொள்ள வருவதில்லை. கால்பந்தாட்டத்திலோ, எந்த அசைவும் எதிராளியின் எடை எந்தக் காலில் ஊன்றியிருக்கிறது என்பதைக் கண்டு அந்தக் கணத்தில் பிறப்பது. அதை மரக்கூம்புகளின் நடுவே ஆயிரம் முறை செய்து பழகியவன், கூம்பு நகரத் தொடங்கியதும் திகைத்து நிற்கிறான். கால் கற்றது, கண் கற்கவில்லை.

ஆகவே படி என்பதை அசைவுகளின் அடுக்காகக் கொள்ளாமல், எதிர்ப்பின் அளவாகக் கொள்ளவேண்டும் என்பது என் துணிபு. ஐந்தாறு வயதில் சிறுவனும் பந்துமாகத் தனித்திருப்பது முதற்படி. இங்கே கூர்வர் சொல்வதே சரி. பந்து காலுக்குப் பழகாதவன் தலை நிமிரவே மாட்டான். ஆனால் அப்பழக்கம் பூரணமாகும்வரை காத்திருப்பது தவறு. பந்தோடு நாலடி ஓடக் கற்றதுமே பறிக்க வரும் ஒருவனை அவன்முன் நிறுத்திவிடலாம். அந்த எதிராளி முதலில் நடந்துமட்டும் வரட்டும். பிறகு ஓடி வரட்டும். பறித்தால் அவனும் கோல் போடலாம் என்று வைத்துவிட்டால் இருவருக்கும் சிரத்தை இரட்டிக்கும். அடுத்து ஒருவனுக்கு எதிராக இருவர், இருவருக்கு எதிராக மூவர் என்று, பந்து வைத்திருக்கும் தரப்புக்கு ஓர் ஆள் கூடுதலாகக் கொடுத்து, அந்தச் சலுகையைப் பின்னர் நீக்கி நால்வருக்கு நால்வரை அடையலாம். ஆட்டத்தில் ஒரு குறை பிரத்தியட்சமாகத் தென்பட்டால், அந்த அசைவைமட்டும் பத்து நிமிஷம் தனியே பழக்கி, உடனே ஆட்டத்துக்குள் திருப்பிவிட வேண்டும்.

பந்தை ஏற்கும் பாடத்தில் இது இன்னும் தெளிவாகும். உட்பாதத்தைச் சற்றே பின்வாங்கிப் பந்தை மெத்தென்று நிறுத்துவதையே பெரும்பாலோர் பாடமாகக் கொள்கின்றனர். பந்து வந்துசேர்வதற்கு முன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பதே அப்பாடத்தின் பாதி. நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் இங்கிலாந்தின் முதல்தர ஆட்டக்காரர்களைக் கூர்ந்து நோக்கி, அடிக்கடி சுற்றிலும் பார்ப்பவர்களே பந்தைத் தோழனிடம் பிழையின்றிச் சேர்ப்பிப்பதில் மேம்பட்டிருக்கிறார்கள் என்று காட்டியுள்ளார். சுவரில் அடித்துப் பழகும் சிறுவனுக்குத் திரும்பிப் பார்க்க என்ன காரணம் இருக்கிறது?

கருவிகளும் படிக்கு உட்பட்டவையே. சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டரும் எடை 410 முதல் 450 கிராமும் உள்ள பெரியோர் பந்தை எட்டு வயதுக் குழந்தையின் காலில் வைப்பது, அதன் கால்வீச்சைக் கெடுப்பதாகும். தலையால் முட்டுவதோ கடைசியில் வரவேண்டியது. அமெரிக்காவில் 2015-இலும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தில் 2020-இலும் சிறு குழந்தைகளின் பயிற்சியில் அதற்குத் தடை விதித்தது மூளையின் க்ஷேமத்தை உத்தேசித்தே.

இனிப் பரீட்சை. வருஷ முடிவில் பந்தைத் தரையில் விழாமல் எத்தனை தடவை தட்டினான் என்று எண்ணி மதிப்பெண் இடுவது பல இடங்களில் வழக்கம். அதை விடுத்து, நால்வர் ஆட்டத்தில் பத்து நிமிஷம் அவனைக் கவனித்து, பந்து வருமுன் எத்தனை முறை தலையைத் திருப்பினான், நெருக்கப்பட்டபோது எந்தக் காலால் விலகினான், விலகியபின் தனித்து நின்ற தோழன் அவன் கண்ணில் பட்டானா என்று மூன்றையும் குறித்துவைத்தால், அடுத்த வருஷத்துக்கு அவனை எந்தப் படியில் நிறுத்துவது என்பது பயிற்சியாளருக்குத் தெரிந்துவிடும்.