அறைக்கும் மேடைக்கும் இடையே உள்ள தொலைவு: தபலாக் கலைஞரின் தடுமாற்றத்திற்கு ஒரு வரலாறு

தபலா பயில்வோர் அனைவரும் ஒருமுறையேனும் சொல்லியிருக்கக்கூடிய வாக்கியம் ஒன்று உண்டு: ‘அறையில் நன்றாகத்தான் வந்தது.’ முந்தைய இரவு வரை பிசிறில்லாமல் வந்த காய்தா, மேடையில் இரண்டாம் காலத்திலேயே சிதறுகிறது. தீஹாய் சமத்தில் வந்து அமராமல் அரை மாத்திரை முந்திவிடுகிறது. வலக்கை மணிக்கட்டு இறுகுகிறது. இதற்கு நாம் இட்டிருக்கும் பெயர் மேடை பயம். நாம் பரிந்துரைக்கும் மருந்து இன்னும் கூடுதல் சாதகம். நோய் தனிமனிதருடையது, மருந்தும் அவர் கையிலேயே இருக்கிறது என்பது இதன் உட்பொருள். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது வேறு. பயிற்சி அறைக்கும் மேடைக்கும் இடையிலான இந்தத் தொலைவு இயற்கையானதன்று. ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் உருவானது. அது எல்லோருக்கும் ஒரே அளவிலும் இல்லை.

சொற்களிலிருந்து தொடங்குகிறேன். இந்துஸ்தானி இசையில் பயிற்சிக்கு வழங்கும் ‘ரியாஸ்’ என்னும் சொல் அரபு மூலத்தை உடையது. அம்மூலத்தின் பழைய பொருள்களுள் ஒன்று குதிரையைப் பழக்குதல். இன்றைய அரபியில் அதே வேரிலிருந்து வந்த சொல் உடற்பயிற்சியையும் விளையாட்டையும் குறிக்கிறது. உருதுவில் அவ்வேரின் ஒரு கிளை தவத்தையும் மற்றொரு கிளை கணிதத்தையும் குறிக்கிறது. உடல், மனம், அறிவு மூன்றையும் பழக்குதல் என்பதே இவற்றின் பொதுப்பொருள். அடிப்படைப் பாடமான ‘காய்தா’ என்பதற்கு விதி என்று பொருள். உருதுக் குழந்தைகளின் அரிச்சுவடிக்கும் அதுவே பெயர். நாற்பது நாள் தனித்திருந்து செய்யும் கடும் பயிற்சிக்குப் பெயர் ‘சில்லா’. பாரசீகத்தில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த இது, சூஃபியரின் தனிமைத் தவத்திலிருந்து இசைக்கு வந்தது. கவனிக்க வேண்டியது, சில்லாவின் பெயரிலேயே அதன் எல்லை இருக்கிறது என்பதை. நாற்பது நாள் முடிந்ததும் வெளியே வந்தாக வேண்டும். தனிமை என்பது ஆண்டு முழுவதற்குமான ஏற்பாடாக இருக்கவில்லை. அது ஒரு விதிவிலக்கு. அதனால்தான் அதற்குத் தனிப்பெயர் தேவைப்பட்டது.

அன்றாடப் பயிற்சி எங்கே நடந்தது? தில்லி, அஜ்ராடா, லக்னோ, ஃபரூக்காபாத், பனாரஸ், பஞ்சாப் என்று தபலாவில் ஆறு கரானாக்களைச் சொல்வது மரபு. கரானா என்னும் சொல் ‘கர்’, அதாவது வீடு, என்பதை அடியாகக் கொண்டது. வீட்டுப் பயிற்சி என்பது பிறர் காதில் விழும் பயிற்சி. உஸ்தாத் மறு அறையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தாலும் ஓர் அடி பிசகினால் குரல் வரும். மூத்த மாணவர் வாசிக்க இளையவர் கேட்பார். இளையவர் வாசிக்க எல்லோரும் கேட்பர். வாசிப்பதற்கு முன் சொற்கட்டை வாயால் சொல்லிக் காட்டும் ‘படந்த்’ என்ற வழக்கமும் பிறர் முன் நிகழ்வதே. இவ்வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குப் பார்வையாளர் என்பவர் ஒருநாள் திடீரென்று எதிரில் வந்து அமரும் அந்நியர் அல்லர். நினைவு தெரிந்த நாள் முதல் அவர் அங்கேதான் இருக்கிறார்.

அடுத்த படி ‘பைட்டக்’. உட்கார்தல் என்னும் வினையிலிருந்து பிறந்த பெயர். ஒரு கூடத்தில் கேட்பவரும் வாசிப்பவரும் ஒரே விரிப்பில் அமர்ந்திருப்பர். கேட்பவர்களில் பலருக்கு எது கடினம், எது எளிது என்று தெரியும். நல்ல இடத்தில் வாய்விட்டுப் பாராட்டுவர், பிசகிய இடத்தில் அமைதியாவர். அந்த அமைதியும் ஒரு செய்திதான். தனித்தபலா வாசிப்பின் அமைப்பே இச்சூழலை அறிந்து கட்டப்பட்டது என்று கருத இடமுண்டு. தனிவாசிப்பு தில்லி முதலிய மரபுகளில் ‘பேஷ்கார்’ என்னும் பகுதியோடு தொடங்குகிறது. ‘பேஷ்’ என்றால் முன். வட இந்திய நீதிமன்றங்களில் நீதிபதியின் முன் கோப்புகளை எடுத்து வைக்கும் அலுவலருக்கும் இன்றுவரை பேஷ்கார் என்றே பெயர். விளம்பமான நடை, திறந்த அமைப்பு, கலைஞர் தம் விருப்பம்போல் விரித்துச் செல்ல இடம்: இவையே இப்பகுதியின் இயல்பு. கை சூடேறவும், தோலின் சுருதி அந்த அறையின் வெப்பத்தில் எப்படி நிற்கிறது என்று அறியவும், எதிரில் இருப்பவர் யார் என்று பழகவும் கிடைக்கும் கால அவகாசம் அது. அறையிலிருந்து அவைக்கு வருபவர் கடக்க வேண்டிய இடைவெளியை மரபு அறிந்திருந்தது. அதற்கு இசைவடிவத்துக்குள்ளேயே ஒரு வாசற்படி அமைத்திருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் மேடை அறையிலிருந்து வெகுதூரம் நகர்ந்தது. 1856இல் அவத் இராச்சியம் பறிக்கப்பட்டு, வாஜித் அலி ஷா கல்கத்தாவின் மட்டியாபுர்ஜுக்குச் சென்றபோது லக்னோவின் இசைப் புரவலரமைப்பு குலைந்தது. எஞ்சிய சமஸ்தானங்களும் விடுதலைக்குப் பின் இந்திய ஒன்றியத்தில் இணைந்தன. இதற்கிடையே விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் 1901இல் லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயத்தைத் தொடங்கினார். இசைக் கல்வியும் கச்சேரியும் பொதுமக்களுக்குத் திறந்தன. 1916இல் பாத்கண்டேயின் முயற்சியால் பரோடாவில் முதல் அகில இந்திய இசை மாநாடு கூடியது. 1952இல் கல்கத்தாவில் டோவர் லேன் மாநாடும், 1953இல் புனேயில் சவாய் கந்தர்வ விழாவும் தொடங்கின. பெருங்கூட்டம் முன்பு அறவே இல்லை என்று சொல்ல முடியாது. ஜலந்தரின் ஹரவல்லப் இசைவிழா 1875 முதல் நடந்துவருகிறது. ஆயினும் மாநாட்டு மேடை தொழிலின் மையமானது இந்த நூற்றாண்டில்தான்.

அம்மேடையில் கேட்பவர் இருளில் இருக்கிறார், வாசிப்பவர் வெளிச்சத்தில் இருக்கிறார். விளக்குச் சூட்டில் தோலின் சுருதி ஏறுகிறது. இவற்றைவிட நுட்பமான மாற்றம் ஒலியில் நிகழ்கிறது. நிமிடத்துக்கு 240 மாத்திரை என்னும் துருத கதியில், மாத்திரைக்கு நான்கு அடி வீதம் வாசித்தால் நொடிக்கு 16 அடிகள் விழும். இரண்டு அடிகளுக்கு இடையே சுமார் 62 மில்லிநொடிதான். ஒலி 10 மீட்டர் தொலைவைக் கடக்க ஏறத்தாழ 29 மில்லிநொடி எடுத்துக்கொள்ளும். பத்து மீட்டர் தள்ளியுள்ள ஒலிபெருக்கியிலிருந்து தம் வாசிப்பு தமக்கே திரும்பி வரும்போது அது ஏறத்தாழ அரை அடி பின்தங்கியிருக்கும். காதை நம்புவதா கையை நம்புவதா என்ற ஐயம் இந்த அரை அடியில்தான் பிறக்கிறது. சிறிய அறையில் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை.

மேடை கேட்கும் வேலையும் மாறியது. தபலா பயில்வோரின் நேரம் பெரும்பாலும் காய்தா, ரேலா, கத், சக்கரதார் ஆகிய தனிவாசிப்பு உருப்படிகளில் செல்கிறது. மேடையில் அவர்களுக்குக் கிடைக்கும் வேலையோ பெரும்பாலும் ‘சங்கத்’, உடன் வாசித்தல். இருபதாம் நூற்றாண்டில் கயால் பாடுவோரின் விளம்ப காலம் மேலும் மேலும் மெதுவானது. அதிவிளம்ப ஜூம்ராவுக்கு அமீர் கான் பெயர்பெற்றவர். அதிவிளம்ப ஏக்தாலில் 12 மாத்திரை கொண்ட ஒரு சுற்று முடிய ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆவதும் உண்டு. அப்போது தபலாக் கலைஞர் செய்ய வேண்டியது டேக்கா என்னும் தாளச் சட்டகத்தைத் தளராமல் தாங்குவதே. முதன்மைக் கலைஞரோடு ஒத்திகை பார்க்கும் வழக்கமும் பெரும்பாலும் இல்லை. வேகத்தைப் பழகிய கை, நிதானத்தின் முன் தடுமாறுவதைப் பயம் என்று அழைப்பது பொருந்தாது. கேட்கப்பட்டது பயின்றதன்று, அவ்வளவே. பனாரஸின் அனோக்கேலால் மிஸ்ராவின் புகழ் ‘நா தின் தின் நா’ என்னும் மிக எளிய சொற்கட்டில் நிலைத்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

மேடை ஒரு திசையில் நகர, பயிற்சி அறை எதிர்த்திசையில் நகர்ந்தது. இசைக் கல்லூரிகள் கரானா வீட்டின் கதவைத் திறந்து பாடத்தை வெளியே கொண்டுவந்தன. ஆனால் வீட்டை அவற்றால் கொண்டுவர இயலவில்லை. வாரத்தில் சில மணி நேர வகுப்பு. மற்ற நேரம் விடுதி அறையில் தனிப்பயிற்சி. சாரங்கியோ ஹார்மோனியமோ வாசித்துத் தந்த லெஹராவை இப்போது கருவியும் கைப்பேசிச் செயலியும் தருகின்றன. அந்த லெஹரா ஒருபோதும் தளராது, முந்தாது, நம்மைப் பார்த்துத் தலையசைக்காது. மேடையில் லெஹரா வாசிப்பவரோ மனிதர். மூச்சு விடுகிறார், சற்றே விரைகிறார். மாறாத காலத்தோடு மட்டும் வாழ்ந்த கைக்கு அந்தச் சிறு அசைவே நிலநடுக்கமாகிறது.

இதற்கு மறுபக்கச் சான்றாக அகமது ஜான் திரக்வாவைச் சொல்லலாம். 1892இல் பிறந்து 1976இல் மறைந்த இவர், முனீர் கானிடம் பயின்றவர். 1970இல் பத்மபூஷண் பெற்றவர். தனிவாசிப்பின் பெருங்கலைஞர் என்று போற்றப்படும் இவர், பால கந்தர்வரின் மராத்தி நாடகக் குழுவில் சில ஆண்டுகள் தபலா வாசித்தார். பார்வையாளர் ‘ஒன்ஸ் மோர்’ கேட்டால் அதே பாடலை மீண்டும் மீண்டும் வாசித்தாக வேண்டிய மேடை அது. அவருடைய மேடை அமைதிக்கு இதுவே காரணம் என்று அறுதியிட மாட்டேன். ஆனால் அத்தகைய கலைஞருக்கு மேடையும் பயிற்சிக்களமாக இருந்தது என்பதைக் கணக்கில் கொள்ளாமல், அவர் செய்த சாதகத்தின் மணிக்கணக்கை மட்டும் மாணவர்களுக்குச் சொல்வது பாதி வரலாறு.

மொழியியல் பயின்றவர்களுக்கு இவ்விவாதம் பழக்கமானதாகத் தோன்றும். 1965இல் நோம் சோம்ஸ்கி மொழித்திறனையும் மொழிப் பயன்பாட்டையும் பிரித்தார். பேசும்போது நேரும் தடுமாற்றம், கவனச்சிதறல், மறதி ஆகியவை பயன்பாட்டைச் சேர்ந்தவை. அறிவை ஆராய்பவர் அவற்றைத் தள்ளிவிடலாம் என்பது அவர் நிலை. டெல் ஹைம்ஸ் இதை மறுத்தார். யாரிடம், எப்போது, எங்கே, எவ்வாறு பேசுவது என்று அறிந்திருப்பதும் திறனின் பகுதியே என்றார். அறையில் வாசிப்பதை உண்மையான திறன் என்றும் மேடையில் நேர்வதை அதன் பழுதுபட்ட நிழல் என்றும் கருதும் நாம், நம்மை அறியாமலே முதல் நிலைப்பாட்டில் நிற்கிறோம். ஹைம்ஸின் வழியில் பார்த்தால், மேடையில் வராதது இன்னும் முழுமையாகக் கற்கப்படாதது. மேடையும் கற்பிக்கப்பட வேண்டிய பாடம்.

உளவியலும் இதற்குத் துணை நிற்கிறது. சியான் பெய்லாக், தாமஸ் கார் இருவரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தம் ஏறும்போது, தானாக ஓட வேண்டிய செயலை மனம் படிப்படியாகக் கண்காணிக்கத் தொடங்குகிறது என்றும் அதனால் செயல் குலைகிறது என்றும் வாதிட்டனர். கோல்ஃப் பந்தைக் குழிக்குள் தள்ளும் பயிற்சியை ஒளிப்படக் கருவியின் முன் செய்தவர்கள், பின்னர் அழுத்தத்தில் அவ்வாறு குலையவில்லை. கரானா வீட்டின் மறு அறையிலிருந்து வந்த குரல் செய்த வேலையும் இதுவே என்று நான் எண்ணுகிறேன்.

அந்த வீட்டை நான் பொற்காலமாக வரையவில்லை. அதன் கதவு பெரும்பாலோருக்குப் பூட்டியே இருந்தது. இரத்த உறவில்லாதவருக்குச் சில சொற்கட்டுகள் மறைக்கப்பட்டன. பெண்களுக்குத் தபலா மிக அரிதாகவே கிடைத்தது. அடியும் அவமதிப்பும் பாடமுறையின் பகுதியாக இருந்தன. கல்லூரி வந்ததால்தான் இன்று இசைக்குடும்பத்தில் பிறவாத ஒருவர் தபலாவில் பட்டம் பெற முடிகிறது. சிக்கல் அங்கேயேதான் இருக்கிறது. குடும்பத்தில் பிறந்தவருக்குப் பிறர் முன் பிசகும் உரிமை ஐந்து வயதிலேயே கிடைத்துவிடுகிறது. முதல் தலைமுறை மாணவர் முதன்முறையாகப் பிறர் முன் பிசகுவது தேர்வாளர் முன்போ, சீட்டு வாங்கி வந்தவர் முன்போதான். ஒருவர் மேடையில் அமைதியாக இருப்பதை ‘பிறவி ஞானம்’ என்றும், மற்றவர் தடுமாறுவதை ‘துணிச்சல் இல்லை’ என்றும் மதிப்பிடும்போது, வீட்டின் சொத்தை நாம் தகுதியென்று பதிந்துவிடுகிறோம். அறையில் மிக நன்றாக வாசித்த சிலர், இத்தகைய ஒற்றை மதிப்பீட்டுக்குப் பின் தபலாவை உறையிலிட்டுக் கட்டி வைத்துவிட்டதை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் யாரும் சோம்பேறிகள் அல்லர்.

எனவே இசைத்துறைகளில் இருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பாடத்திட்டத்தில் சங்கத்துக்குத் தனி மதிப்பெண் இருக்கட்டும். வாரம் ஒருநாள் மாணவர்கள் ஒருவர் முன் ஒருவர் வாசிக்கட்டும். அன்று லெஹராவை ஒரு மனிதர் வாசிக்கட்டும். அன்றைய பிசகுகளுக்கு மதிப்பெண் வேண்டா. தேர்வில் தரும் பதினைந்து நிமிடத்தில் பேஷ்காருக்கு நேரமில்லை என்று மாணவரை நேரே காய்தாவுக்கு விரட்டாதீர்கள்.