கவட்டைக் கோடு

2018 ஐப்பசியில் பெரம்பலூர் பக்கம் சித்தப்பாவின் மானாவாரிக் காட்டுக்குப் போயிருந்தேன். மக்காச்சோளக் குருத்துகளில் மரத்தூளைக் கொட்டியதுபோலப் புழுவின் எச்சம். "ரெண்டு தடவ மருந்தடிச்சாச்சு, சாகமாட்டேங்குதுடா" என்றார். அந்த எச்சமே குருத்தை அடைத்து, உள்ளே கிடக்கும் புழுவை மருந்திலிருந்து காப்பாற்றுகிறது என்பது எங்கள் இருவருக்கும் அன்று தெரியாது. விதைக்கு வாங்கிய கடன் நிற்க, காட்டை உழுது போட்டார்.

அது அமெரிக்கக் கண்டங்களின் படைப்புழு. 2016இல் மேற்கு ஆப்பிரிக்காவில் தென்பட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்தில். சில மாதங்களில் எங்கள் காட்டில். இதன் அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீட்டர்கூடப் பறக்கும். சேதி அதற்குப் பின்னால் நடந்து வந்தது.

அதே 2018இல் ஆப்பிரிக்க உழவர்களுக்காக ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் 'நூரு' என்ற செயலியைக் கொண்டுவந்ததைப் பின்னர்தான் வாசித்தேன். சுவாஹிலியில் நூரு என்றால் வெளிச்சம். இலைக்கு நேரே கைபேசியைப் பிடித்தால் படைப்புழுவின் சேதமா என்று சொல்லும், இணையம்கூட வேண்டாம். கூடவே வந்த இன்னொரு செயலியில் உழவர்கள் வயலில் எண்ணிய கணக்கைப் பதிய, புழு எங்கே பெருகுகிறது என்ற வரைபடம் உருவானது.

எனக்கு அந்த வரைபடம்தான் பெரிதாகப் படுகிறது. புழுவின் தலையில் கவிழ்த்த கவட்டைபோல ஒரு வெளிர்கோடு இருக்கும். அதை இப்போது சித்தப்பாவே பார்த்துச் சொல்லிவிடுவார், செயலி வேண்டாம். பக்கத்து மாவட்டத்துக்கு அது வந்துவிட்டதை மட்டும் அவர் கண்ணால் பார்க்க முடியாது.

"முன்னாடியே யாராச்சும் சொல்லியிருந்தா?" என்று ஒருமுறை கேட்டார். பூச்சிகளின் வரலாற்றில் உழவர்கள் கேட்ட கேள்வி பெரும்பாலும் இதுதான்.